சந்தேகமும் டவுட்டும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. சமீபத்தில் டென்மார்க் பையர் ஒருவர் புது ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். பணம் எத்தனை நாளில் வரும் என்ற பகுதி புரியாததால், 'ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் பேமென்ட்' என்று எழுதினேன். 'இதுவரை ஒரு தடவையாவது பணம் தராமல் இருந்திருக்கிறோமா?' என்று காரமாகப் பதில் வந்தது. முதலாளி போனில் பேசிச் சமாதானப்படுத்தினார். எதில் தப்பு என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

இப்போது, குழப்பம் தரும் ஆங்கிலச் சொற்கள் என்று ஐந்நூறு ஜோடிகள் கொண்ட ஒரு பிடிஎஃப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, முன்பு தெரிந்ததும் குழம்புகிறது. இதை மனப்பாடம் செய்யலாமா? ஆங்கிலம் தமிழைவிட நுட்பமான மொழி, நமக்கெல்லாம் அது வராது என்கிறார் எங்கள் சீனியர். உண்மையா? அப்புறம், அஷ்யூர், என்ஷ்யூர், இன்ஷ்யூர் மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. முடிந்தால் விளக்குங்கள்.

ஆர்.எம்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.எம்.,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சங்கடமே அதில்தான். தப்பும் தவறுமாக எழுதியிருந்தால், ஆங்கிலம் சரியாக வராது போலிருக்கிறது என்று பையர் பொறுத்துப் போயிருப்பார். வாக்கியம் சுத்தமாக இருந்ததால், அது சொல்வதைத்தான் நீங்களும் சொல்ல வந்தீர்கள் என்று எடுத்துக்கொண்டார்.

நம் வகுப்பறைகளில் 'சார், ஒரு டவுட்' என்று எழுந்து நிற்காத பிள்ளை கிடையாது. அங்கே டவுட் என்றால் கேள்வி, அவ்வளவுதான். இது தமிழ்நாட்டோடு நிற்கும் வழக்கமும் இல்லை. இந்தியா முழுக்க கோச்சிங் சென்டர்காரர்கள் 'டவுட் கிளியரிங்' என்றே விளம்பரம் போடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தை இங்கிலாந்துக்காரரிடமோ அமெரிக்கரிடமோ கற்றுக்கொண்ட ஒருவர், டவுட் என்பதை 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்றுதான் வாசிப்பார். உங்கள் பேமென்டில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒரு வியாபாரியிடம் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று எழுதியிருந்தால் விஷயம் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

நம்முடைய 'சந்தேகம்' மூன்று ஆள் வேலையை ஒற்றையாகச் செய்கிற சொல். பாடத்தில் சந்தேகம் கேட்கிறோம். இன்றைக்கு லாரி வருமா என்பது சந்தேகம்தான் என்கிறோம். பணம் காணாமல் போனால் ஒருவர்மேல் சந்தேகப்படுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது கொஸ்டின், இரண்டாவது டவுட், மூன்றாவது சஸ்பெக்ட். இதில் கடைசி இரண்டையும்தான் நான் கவனிக்கச் சொல்வேன். இரண்டுக்கும் அகராதியில் 'சந்தேகப்படு' என்றே போட்டிருக்கும். ஆனால் 'ஐ டவுட் ஹி டுக் த மணி' என்றால், அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன் என்று பொருள். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் த மணி' என்றால், அவன்தான் எடுத்திருப்பான் என்று பொருள். நேர் எதிர்! 'அவன் எடுத்தானோன்னு சந்தேகமா இருக்கு' என்று தமிழில் சொல்லும்போது, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைக் குரலும் முகமும் காட்டிவிடும். மெயிலுக்கு முகம் ஏது?

உங்கள் வேலையிலேயே வைத்துப் பாருங்கள். வெளியூர் மில்லிலிருந்து வந்த துணியில் ஓட்டை இருக்கிற மாதிரி தெரிகிறது. 'ஐ டவுட் த ஃபேப்ரிக் இஸ் டேமேஜ்ட்' என்று எழுதிவிட்டீர்கள். துணி கெட்டிருக்கிறது என்று நான் நினைக்கவில்லை என்று நீங்களே எழுத்துமூலம் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த மில்காரரிடம் நஷ்டஈடு எப்படிக் கேட்பது?

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. 'சந்தேகப்படு' என்பதை இரண்டு பக்கமும் வீசியவர்கள் நாம் மட்டும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், செத்துப்போன அப்பாவின் ஆவி போர்க்கவசத்தோடு நடமாடுகிறது என்று கேள்விப்பட்டதும் 'ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே' என்கிறான். ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். இன்றைய ஆங்கிலத்தில் அங்கே சஸ்பெக்ட் வர வேண்டும். அதே ஹாம்லெட் ஒஃபீலியாவுக்கு எழுதும் காதல் கவிதையில் டவுட் அடுத்தடுத்த வரிகளில் வருகிறது. நட்சத்திரம் நெருப்பு என்பதை நம்பாதே, சூரியன் நகர்கிறது என்பதை நம்பாதே என்று முதல் இரண்டு வரிகளில் ஒரு பொருள். உண்மையே பொய் சொல்கிறதோ என்றுகூடச் சந்தேகப்படு என்று மூன்றாவது வரியில் வேறு பொருள். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் மழை வரும் போலிருக்கிறதே என்பதற்கு 'ஐ டவுட் இட்ல் ரெயின்' என்பார்கள். ஆக, நம் ஊர் டவுட்டைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஆனால் உங்கள் பையர் ஷேக்ஸ்பியர் காலத்து ஆள் இல்லை என்பதையும் மறக்க முடியாது.

நீங்கள் துணியின் நிறத்தை வெவ்வேறு விளக்கில் ஒப்பிடும் லைட் பாக்ஸில் ஷேட் பார்க்கிறவர். இரண்டு லாட் துணியும் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் ஒரே நீலமாகத் தெரியும். கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-க்கு மாற்றியதும் ஒன்று தனியாகப் பல்லிளிக்கும். சொல் ஜோடிகளும் அப்படித்தான். தமிழ் அர்த்தம் என்ற ஒரே விளக்கின் கீழ் டவுட்டும் சஸ்பெக்டும் ஒரே ஷேட். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொல்கிறார் என்ற இன்னொரு விளக்கைப் போட்டால்தான் வித்தியாசம் கண்ணுக்குப் படும். உங்கள் பிடிஎஃப் முதல் விளக்கை மட்டும் ஐந்நூறு தடவை போட்டுக் காட்டுகிறது. குழப்பம் கூடாமல் எப்படி இருக்கும்?

இதே ரகத்தில் உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும் இன்னொரு சொல், 'மறு'. குற்றச்சாட்டை மறுத்தார், சாப்பிட மறுத்தார், வாதத்தை ஆதாரத்தோடு மறுத்தார், அனுமதி மறுக்கப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'மறு'. ஆங்கிலத்தில் இது டினை, ரெஃப்யூஸ், ரெஃப்யூட் என்று பிரியும். துவைத்தால் சாயம் இறங்குகிறது என்று ஒரு பையர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'வி ரெஃப்யூஸ் யுவர் கம்ப்ளெயின்ட்' என்றால், உன் புகாரைக் காதில் வாங்கவே மாட்டோம் என்கிற முரட்டுத்தனம். 'வி டினை இட்' என்றால், அப்படி எதுவும் இல்லை என்று சாதிப்பது. ஆதாரம் தர வேண்டியதில்லை, ஆனால் கோர்ட் வாசனை அடிக்கும். 'வி ரெஃப்யூட் இட்' என்றால், புகார் பொய் என்று நிரூபித்துவிட்டோம் என்று பொருள். சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் கலர் ஃபாஸ்ட்னெஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டை இணைக்காமல் இந்தச் சொல்லைத் தொடக்கூடாது. பிரிட்டிஷ் அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் வெறும் மறுப்புக்கே ரெஃப்யூட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மொழிக் காவலர்கள் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தச் சண்டைக்குள் போகாமல் 'வி டு நாட் அக்ரீ' என்று எழுதி, ரிப்போர்ட்டை அட்டாச் செய்யுங்கள். சொல்லைவிட ரிப்போர்ட் நன்றாகப் பேசும்.

ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ஜோடியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் இரவு உடை ஏற்றுமதி செய்தால். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, எளிதில் தீப்பிடிப்பது. இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்ற பழக்கத்தில், இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று நினைக்கிறவர்கள் ஆங்கிலேயரிலேயே உண்டு. இங்கே உள்ள 'இன்' இல்லாமையைக் குறிப்பதில்லை. தீ மூட்டு என்ற பொருளுள்ள இன்ஃப்ளேம் என்ற வினையிலிருந்து வந்தது. இந்தக் குழப்பத்தில் உயிர் போகக்கூடும் என்பதால், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே ஃப்ளேமபிள் என்று மட்டும் எழுதுங்கள் என்று வலியுறுத்த ஆரம்பித்தது. தீப்பிடிக்காதது என்று சொல்ல வேண்டுமானால் நான்-ஃப்ளேமபிள். லேபிளில் எது அச்சாகிறது என்று இரண்டு தடவை பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, தப்பாகப் போட்டாலும் குடி முழுகாத ஜோடிகள் இருக்கின்றன. அதில் முதலிடம் லெஸ், ஃபியூவர். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ் என்று பள்ளியில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். இந்த விதியின் வேர் ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-இல் எழுதிய ஒரு குறிப்பு. அவரும் விதியாகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் ஃபியூவர் நன்றாக இருக்கும் என்று தன் ரசனையைச் சொன்னார். ஒன்பதாம் நூற்றாண்டு ஆல்ஃபிரட் மன்னர் காலத்திலிருந்தே எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் போட்டு வந்திருக்கிறார்கள். இருந்தும் பாருங்கள், இங்கிலாந்தில் டெஸ்கோ கடைகளில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை இலக்கணக்காரர்களை அவ்வளவு உறுத்தி, 2008-இல் 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். உங்கள் மெயிலில் ஃபியூவர் பீசஸ் என்று எழுதினால் நல்லது. லெஸ் பீசஸ் என்று எழுதிவிட்டாலும் சரக்கு போய்ச் சேரும், பணமும் வரும்.

ஸ்டேஷனரி (அசையாமல் நிற்பது, எழுதுபொருள்), பிரின்சிபல் (முதன்மையானது, கொள்கை), காம்ப்ளிமென்ட் (பாராட்டு, நிறைவாக்குவது) என்று உச்சரிப்பு ஒன்றாகி எழுத்து மட்டும் மாறும் ஜோடிகள் எல்லாம் எழுத்துப்பிழைக் கணக்கில்தான் சேரும். பொருளில் யாரும் குழம்புவதில்லை. ஸ்பெல் செக்கர் தப்பவிடும் இடம் என்பதால் அனுப்புமுன் ஒரு பார்வை போதும். ஸ்டேஷனரி இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மட்டும் எனக்குப் பிடித்த செய்தி. தலைச்சுமையாக அலையாமல் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்த புத்தக வியாபாரிதான் ஸ்டேஷனர்.

'ரிவர்ட்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ஐ வில் ரிவர்ட்' என்றால் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் பதில் தருகிறேன் என்று பொருள். வேறு பல இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறேன் என்று படிப்பார்கள். சென்னை ஆபீசுக்கு எழுதும்போது தாராளமாகப் போடுங்கள், அது இந்திய ஆங்கிலம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. டென்மார்க்குக்கு 'ஐ வில் ரிப்ளை' போதும். திருத்தி அனுப்பிய சாம்பிளைப் பற்றிப் பேசும்போது ரிவர்ட் என்றால், பழைய சாம்பிளுக்கே போய்விட்டீர்களோ என்று நினைப்பார்கள்.

உங்கள் சீனியருக்கு வருவோம். நமக்கு வராது என்கிறாரே, ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு மட்டும் எல்லாம் வந்துவிட்டதா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டத்தைப் பற்றி சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்யலாம் என்றார்கள் பிரிட்டிஷ்காரர்கள், உடனே எடுத்துப் பேசலாம் என்ற பொருளில். அமெரிக்கர்களுக்கு அதே சொல்லுக்குப் பொருள், கிடப்பில் போடுவது. நீண்ட நேரம் சூடாக வாதாடிய பிறகுதான், இரண்டு தரப்பும் கேட்பது ஒன்றே என்று தெரிந்ததாம்.

எந்த மொழி நுட்பமானது என்ற கேள்விக்கும் ஒற்றைப் பதில் கிடையாது. மொழி எந்த இடத்தில் நுட்பமாகப் பிரிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து வீட்டு ஏணி இரவல். திருப்பித் தரும்போது அதே ஏணியைத்தான் தர வேண்டும். சம்பளத்துக்கு முன் நண்பரிடம் வாங்கும் ஐந்நூறு ரூபாய் கைமாற்று, வட்டி கிடையாது, நோட்டும் வேறாக இருக்கலாம். பேங்கில் வாங்குவது கடன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே 'பாரோ' போதும். தொல்காப்பியமோ ஒரு படி மேலே போய், ஒரு பொருளைத் தரச் சொல்லிக் கேட்கிறவர், தருகிறவரைவிடத் தாழ்ந்தவர் என்றால் 'ஈ', சமமானவர் என்றால் 'தா', உயர்ந்தவர் என்றால் 'கொடு' என்று பிரித்தது. இன்றைக்கு அந்தப் பிரிவினை நம்மிடமே இல்லை, போனது நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் பொருள் ஒன்றானாலும் யார் யாரிடம் பேசுகிறார் என்பதில் சொல் மாறும் என்பது தமிழுக்குப் புதிதில்லை என்று சீனியரிடம் சொல்லுங்கள்.

சரி, பிடிஎஃப்பை என்ன செய்வது? மூடி வையுங்கள். உங்கள் இன்பாக்ஸில் பல வருஷத்து பையர் மெயில்கள் கிடக்கின்றன. ஒரு சொல்லில் தடுமாறினால் அதை அங்கே தேடுங்கள். கன்சர்ன் என்று தேடினால், அந்தச் சொல் வந்த மெயில்களில் பையர் எரிச்சலாக இருந்தாரா, சாதாரணமாக விவரம் கேட்டாரா என்பது முன்பின் மெயில்களைப் பார்த்தாலே தெரியும். அந்த வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், தமிழ் அர்த்தம் எழுத வேண்டாம். ஜோடியில் ஒன்று நன்றாகப் பழகிய பிறகு மற்றதைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் படித்தால் எது எது என்று ஆயுசுக்கும் இடறும்.

அஷ்யூர், என்ஷ்யூர், இன்ஷ்யூர் மூன்றையும் பின்னால் வரும் சொல்லை வைத்தே பிடித்துவிடலாம். அஷ்யூருக்குப் பின்னால் ஆள் வருவார்: 'வி அஷ்யூர் யூ'. பையர் மனதுக்குத் தைரியம் சொல்கிறீர்கள். என்ஷ்யூருக்குப் பின்னால் காரியம் வரும்: 'வி வில் என்ஷ்யூர் ஷிப்மென்ட் ஆன் டைம்'. இது தைரியம் சொல்வதோடு நிற்காது, நடத்திக் காட்ட வேண்டும், எனவே புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்காமல் எழுதாதீர்கள். இன்ஷ்யூருக்குப் பின்னால் சரக்கு, கட்டடம், உயிர் என்று பிரீமியம் கட்டக்கூடிய ஏதாவது வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க பையர்கள் சிலர் என்ஷ்யூர் வர வேண்டிய இடத்தில் இன்ஷ்யூர் என்றே எழுதுவார்கள். அது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவருக்கே திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.