வேறு கம்பெனி கேமராவை என்விஆரில் போட்டால் ஆள் அலர்ட் ஏன் வருவதில்லை?

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எட்டு சேனல் என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் ரெக்கார்டர்) ஒன்று ஓடுகிறது. ஆளையும் வண்டியையும் பிரித்துச் சொல்லும் மாடல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதே கம்பெனியின் நாலு கேமரா ஏற்கனவே இருக்கிறது, ராத்திரி ஆள் வந்தால் போனுக்கு அலர்ட் சரியாக வருகிறது. போன மாதம் விலை குறைவாகக் கிடைத்ததே என்று வேறு கம்பெனியின் கேமரா நாலு வாங்கி மாட்டினேன். அதுவும் ஏஐ கேமராதான், பெட்டியிலேயே போட்டிருக்கிறது. படம் நன்றாக வருகிறது, ரெக்கார்டும் ஆகிறது. ஆள் அலர்ட் மட்டும் இல்லை. மோஷன் அலர்ட்டை ஆன் செய்தால் கொப்பரை மேல் போட்ட தார்ப்பாய் காற்றில் ஆடுவதற்கெல்லாம் போன் அடிக்கிறது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?"

திருப்பிக் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பொருளில் கோளாறு இல்லை. பதினாலு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், மாதத்தில் நாலு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இது ஆள், இது நாய், இது வெறும் தார்ப்பாய்' என்று முடிவு செய்யும் மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது? கேமராவிலா, ரெக்கார்டரிலா? உங்கள் பழைய நாலு கேமராவும் தங்களுக்குள்ளேயே முடிவு செய்து, அந்த முடிவைத் தங்கள் கம்பெனியின் சொந்தப் பாஷையில் ரெக்கார்டருக்குச் சொல்கின்றன. புதிய நாலும் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் செய்கின்றன, ஆனால் அவை சொல்லும் பாஷை உங்கள் ரெக்கார்டருக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொதுப்பாஷை ஆன்விஃப். அதன் வழியாகப் படம் வந்துவிடும், பெரும்பாலும் மோஷனும் வந்துவிடும். 'ஆள்' என்ற அந்த ஒரு சொல்தான் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

ஆன்விஃப் என்பதை 2008-ல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கின. பெட்டியில் 'ஆன்விஃப் சப்போர்ட்' என்று போட்டிருந்தால் எல்லாமே வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறோம், ஆனால் அதற்குள்ளே பல ப்ரொஃபைல்கள், அதாவது எந்தெந்த வேலை ஒத்துப்போகும் என்ற தனித்தனிப் பட்டியல்கள், இருக்கின்றன. ப்ரொஃபைல் எஸ் என்றால் அடிப்படைப் படமும், கேமராவைத் திருப்புவது போன்ற வேலைகளும். 2018-ல் வந்த ப்ரொஃபைல் டி-யில் (T) எச்.265 என்ற முறையில் சுருக்கிய படமும், மோஷன், கேமராவை யாராவது மறைத்தால் வரும் எச்சரிக்கை போன்றவையும் சேர்ந்தன. ஆள், வண்டி என்ற தகவலைக் கடத்துவதற்கென்றே 2021-ல் வந்தது ப்ரொஃபைல் எம். அது கேமராவிலும் இருக்க வேண்டும், ரெக்கார்டரிலும் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. எந்த மாடலுக்கு எந்த ப்ரொஃபைல் என்று ஆன்விஃப் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். வீட்டுக்கும் களத்துக்கும் நாம் வாங்குகிற விலையில் ப்ரொஃபைல் எம்-ஐ நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, உங்கள் கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

நல்ல வழி, ரெக்கார்டரின் மூளையைப் பயன்படுத்துவது. உங்கள் என்விஆர் மாடல் எண்ணை வைத்து அதன் விவரத்தாளை எடுங்கள். டஹுவா கம்பெனியின் தாள்களில் 'ஏஐ பை கேமரா' (கேமராவே பிரிப்பது), 'ஏஐ பை ரெக்கார்டர்' (ரெக்கார்டர் பிரிப்பது) என்று இரண்டாகப் பிரித்தே போட்டிருப்பார்கள், ஹிக்விஷன் கம்பெனியின் அக்யூசென்ஸ் வகை என்விஆர்களின் தாளிலும் எத்தனை சேனலுக்கு ரெக்கார்டரே ஆளைப் பிரித்துப் பார்க்கும் என்பது இருக்கும். எட்டு சேனல் ரெக்கார்டர் என்றால் எட்டுக்கும் செய்யும் என்று நினைக்காதீர்கள். பல மாடல்களில் பாதிக்குத்தான், சிலவற்றில் அதற்கும் குறைவு. அப்புறம் முக அடையாளத்துக்கு ரெக்கார்டரின் மூளையைக் கொடுத்துவிட்டால், பல மாடல்களில் ஆள் பிரிக்கும் வேலைக்கு எதுவும் மிச்சமிருக்காது. களத்துக்கு முக அடையாளம் எதற்கு? அதை அணைத்துவிடுங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இன்ஸ்டால் செய்தவர் வரிசையாக முதல் நாலு சேனலுக்கு ரெக்கார்டர் ஏஐ-யை ஆன் செய்துவிட்டுப் போயிருப்பார், அந்த முதல் நாலும் சொந்தக் கம்பெனி கேமராவாக இருக்கும். அவற்றுக்கு அது தேவையே இல்லை, அவற்றுக்குச் சொந்த மூளை இருக்கிறது. அவற்றைக் கேமரா ஏஐ-க்கு மாற்றிவிட்டு, ரெக்கார்டரின் நாலு இடத்தையும் புதிய கேமராக்களுக்குக் கொடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடுகிறது. சில மாடல்களில், கேமரா 'மோஷன்' என்று சொன்ன பிறகுதான் ரெக்கார்டர் படத்தை எடுத்துப் பார்க்கும், அதனால் புதிய கேமராக்களுக்குள்ளும் மோஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரெக்கார்டருக்கு அப்படி ஒரு மூளையே இல்லை என்றால்? அப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பழைய வழி ஒன்று இருக்கிறது. புதிய கேமராவின் வாலில் பவர், நெட்வொர்க் தவிர மெல்லிய வயர்கள் தொங்குகின்றனவா பாருங்கள். அதில் 'அலாரம் அவுட்' என்று இரண்டு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். என்விஆரின் பின்பக்கம் பச்சை நிறத்தில் திருகு வைத்த சின்னக் கனெக்டர் இருக்கும், அதில் 'அலாரம் இன்' இடம் ஒன்று, அதன் பக்கத்தில் 'கிரவுண்ட்'. கேமராவிலிருந்து ஒரு டூ கோர் வயரை இழுத்து அதில் மாட்டுங்கள். கேமராவுக்குள் போய்க் களத்தின் வேலியோரம் ஒரு கோடு போட்டு, ஆள் மட்டும் தாண்டினால் அலாரம் அவுட் போக வேண்டும் என்று வையுங்கள். என்விஆரில், அந்த அலாரம் இன் வந்தால் இந்தச் சேனலை ரெக்கார்ட் செய், போனுக்கு அனுப்பு என்று வையுங்கள். வெறும் ஒரு சுவிட்ச் மூடித் திறக்கிற சங்கதிதான், அதற்குக் கம்பெனியும் தெரியாது பாஷையும் தெரியாது, அதனால்தான் தவறுவதில்லை. 'நார்மலி ஓப்பன்' (சும்மா இருக்கும்போது சுவிட்ச் திறந்திருப்பது) என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாறிப்போனால் யாரும் வராதபோதெல்லாம் அலாரம் அடிக்கும். இதில் ஒரு குறை உண்டு, ரெக்கார்டரில் அது 'அலாரம்' என்று மட்டும்தான் பதிவாகும், 'ஆள்' என்று போட்டுத் தேட முடியாது.

மூன்றாவது வழியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிகேட் என்று ஒரு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஓடும், ஆர்டிஎஸ்பி-யில் (நெட்வொர்க்கில் நேரடிப் படம் அனுப்பும் பொது முறை) படம் கொடுக்கிற எந்தக் கேமராவையும் எடுத்துக்கொண்டு ஆளைத் தானே பிரிக்கும். அருமையான சாமான். ஆனால் அதைப் பராமரிக்க வீட்டில் ஒரு பிள்ளைக்காவது ஆர்வம் இருக்க வேண்டும். களத்தில் கரண்ட் போய் வந்து அது எழுந்திருக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

எந்த வழியில் போனாலும் இணைப்பு சுத்தமாக இருக்க வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு குடோனில், பாஸ்வேர்ட் சரி, ஐபி (கேமராவின் நெட்வொர்க் முகவரி) சரி, பிரவுசரில் கேமரா திறக்கிறது, ஆனால் ரெக்கார்டர் மட்டும் 'யூசர் நேம் அல்லது பாஸ்வேர்ட் தவறு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் போனவன் மதியச் சாப்பாடு தாண்டியும் ஏணி மேலேயே இருந்தேன். கடைசியில் படத்தின் மூலையைப் பார்த்தேன்: 2000 ஜனவரி 1. கேமராவின் கடிகாரம் அங்கேயே நின்றுவிட்டது. ஆன்விஃப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும்போது நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும், இரண்டுக்கும் நேரம் ரொம்ப விலகியிருந்தால் சரியான பாஸ்வேர்டையும் தள்ளிவிடும். அன்றிலிருந்து எந்தக் கேமராவாக இருந்தாலும் முதலில் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

இன்னும் சில இடங்கள். ஹிக்விஷன் கேமராவை வேறு ரெக்கார்டரில் போடுகிறவர்களுக்கு: புதிய ஃபர்ம்வேரில் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) ஆன்விஃப் அணைந்தே வரும், நெட்வொர்க் செட்டிங்ஸில் 'இன்டக்ரேஷன் ப்ரோட்டோகால்' என்ற இடத்தில் ஆன் செய்து, அதற்கென்று தனி யூசர் ஒன்றையும் உருவாக்க வேண்டும். டிபி-லிங்க் கம்பெனியின் டாப்போ கேமரா என்றால், ஆப்பில் 'கேமரா அக்கவுண்ட்' என்று தனியாக ஒன்று போட வேண்டும், ரெக்கார்டரில் கொடுக்க வேண்டிய ஆன்விஃப் போர்ட் எண் 2020. பேட்டரியில் ஓடும் கேமராக்களை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். எச்.265 பிளஸ், ஸ்மார்ட் கோடெக் என்பதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு, வேறு ரெக்கார்டரில் படம் தாவும், சில நேரம் வராமலே போகும், அதை அணைத்துவிட்டு சாதாரண எச்.265 அல்லது எச்.264 வையுங்கள். ஆர்டிஎஸ்பி முகவரியில் போடும் பாஸ்வேர்டில் 'அட்' (@) குறி வேண்டாம், அதற்குப் பிறகு வருவதையெல்லாம் கேமராவின் முகவரி என்று எடுத்துக்கொள்ளும்.

புதிய கேமராவை என்விஆரின் பின்பக்கத்து பிஓஇ போர்ட்டில் (நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுக்கும் துளை) நேராகச் செருகியிருந்தால், அது ரெக்கார்டர் தனக்குள் வைத்திருக்கும் தனி நெட்வொர்க். ஹிக்விஷனில் அது வழக்கமாக 192.168.254 என்று தொடங்கும், டஹுவாவில் 10.1.1. சொந்தக் கேமராவுக்கு ஐபி தானே கிடைத்துவிடும், வேற்றுக் கேமராவுக்கு நீங்கள்தான் அந்த வரிசையில் ஒரு எண் கொடுக்க வேண்டும். அதைவிடத் தனி பிஓஇ ஸ்விட்சில் போடுங்கள், நாளைக்கு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் கேமராவுக்குள் நேராகப் போக முடியும்.

எல்லாம் முடிந்ததும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் களத்து விளக்கை அணைத்துவிட்டு வேலியோரம் நீங்களே நடந்து பாருங்கள், குறுக்கே ஒருமுறை, கேமராவை நோக்கி நேராக ஒருமுறை. குறுக்கே நடப்பதைப் பிடித்து, நேராக வருவதைக் கோட்டை விட்டால் கேமராவின் கோணத்தை மாற்ற வேண்டும். இருபதடி உயரத்தில் கம்பத்தில் கட்டியிருந்தால் எட்டு, பத்து அடிக்கு இறக்குங்கள், மேலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும், தலையை வைத்து எந்த ஏஐ-யும் ஆள் என்று சொல்லத் தடுமாறும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருந்தால் துடைத்துவிடுங்கள், இருட்டில் கேமராவின் சொந்த வெளிச்சம் பட்டு அது வெள்ளைப் போர்வை மாதிரி தெரியும்.

ரெக்கார்டரில் இடமும் இல்லை, கேமராவில் அலாரம் அவுட்டும் இல்லை என்றால் மட்டும் மாற்றிக் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள், அதுவும் நாலையும் வேண்டாம். வேலிப்பக்கம் பார்க்கும் இரண்டை மட்டும் ரெக்கார்டரின் சொந்தக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே கொப்பரை காயும் இடத்தைப் பார்ப்பதை அப்படியே விடுங்கள். அவை ரெக்கார்ட் செய்தாலே போதும்.