மின்காரில் மூடுபனி விளக்கு: கேள்வி பதில்

ஹில்டனிலிருந்து ஒருவர்: வேலை முடிந்து பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டவுன் ஹில் ஏறி வரும்போது பனிமூட்டத்தில் எதுவும் தெரிவதில்லை. என் மின்காரில் முன்பக்க மூடுபனி விளக்கு இல்லை. வெளியில் வாங்கிப் பொருத்தினால் பயன் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. ஹைபீம் போட்டால் வெள்ளைத் திரைபோல் தெரிவதற்குக் காரணம், பனியின் நீர்த்துளிகள் அந்த ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதுதான். மூடுபனி விளக்கு பம்பரில் தாழ்வாக அமர்ந்து, மேல்விளிம்பு வெட்டப்பட்ட அகன்ற ஒளியைச் சாலையின்மீது பரப்புவதால் ஓரக்கோடும் அருகிலுள்ள தரையும் தெரியும், தொலைவு தெரியாது. ஆகவே விளக்கு வந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர்: சார்ஜ் சீக்கிரம் இறங்கிவிடுமா ஐயா?

இறங்காது. நெடுஞ்சாலை வேகத்தில் கார் ஏறத்தாழ 15 கிலோவாட் எடுக்கிறது என்றால், 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டும் சேர்ந்து அதில் 0.3 விழுக்காடுகூட இல்லை. ஏ.சி. இதைவிடப் பன்மடங்கு எடுக்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர்: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பெரிய பேட்டரியிலிருந்தா?

ஒருபோதும் வேண்டாம். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் ஓடுவது பல நூறு வோல்ட். அவற்றைத் தொடுவது பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை. விளக்குகளுக்குரியது மின்காரிலும் இருக்கின்ற சிறிய 12 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் காரில் இந்தப் பேட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டர் மின்காரில் இல்லாத குறையை, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டி.சி-டி.சி கன்வர்ட்டர் தீர்த்து, பெரிய பேட்டரியிலிருந்து சிறிய பேட்டரிக்கு மின்னூட்டம் கொடுக்கிறது. நேர்முனையிலிருந்து வரும் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும், ஏனெனில் அது காக்க வேண்டியது விளக்கையன்று, கம்பியை. 40 வாட்டுக்கு 3.3 ஆம்பியர் போதுமாதலால் 5 அல்லது 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் பொருந்தும். சிறு மின்னோட்டத்தால் விளக்கின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்சான ரிலேயை இயக்கும் மின்னோட்டத்தை, கார் இயங்கும்போது மட்டும் உயிர்பெறும் சுற்றிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் விளக்கை அணைக்க மறந்த ஓர் இரவில் 12 வோல்ட் பேட்டரி வற்றிப்போய், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. எர்த் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையில் மாட்டாமல் காரின் உடற்சட்டத்தில் மாட்டுங்கள், ஏனெனில் பல கார்களில் அந்த முனையில்தான் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ளது. ஹெட்லைட் கம்பியை வெட்டி இணைப்பதும் கூடாது. அந்தச் சுற்றின் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் கணினி பிழைச்செய்தி காட்டக்கூடும்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: மஞ்சள் ஒளி பனியை நன்றாக ஊடுருவும் என்கிறார்களே?

பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை; நிறத்தால் ஊடுருவல் மாறுவதில்லை. மஞ்சள் சிலரது கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே.

அதே அன்பர்: நல்ல வானிலையிலும் எரியவிடலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்கப் போக்குவரத்து விதிகளின்படி, பனி, மூடுபனி, தூசி, புகை போன்றவற்றால் பார்வை குன்றும்போது மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அழகுக்காக எரியவிட்டு எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்வோர் நம் ஊரில் ஏராளம்.

நியூகாசிலிலிருந்து ஒருவர்: நானே பம்பரில் துளையிட்டு மாட்டிக்கொள்ளலாமா?

முதலில் பம்பருக்குள் ரேடார், பார்க்கிங் சென்சார், குளிர்காற்று புகும் வழி ஆகியவை எங்கே உள்ளன என்று பாருங்கள். விளக்கு அவற்றை மறைத்தால் தானியங்கி பிரேக் தடுமாறும். உயர்ரக மாடலில் மூடுபனி விளக்கு உண்டென்றால், உங்கள் பம்பரிலும் அதற்கான இடம் மூடியோடு காத்திருக்கலாம். சில கார்களில் கம்பி முனையும் அங்கேயே இருக்கும். அப்படியானால் துளையிடும் பேச்சே இல்லை. உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுக் கையை வையுங்கள்.