வாசகர் கேள்வி: சொல் இல்லாத பாட்டும் சேர்ந்து பாடிய கூட்டமும்

கேள்வி: 'ரஷ்' ராக் இசைக்குழுவின் 'ரஷ் இன் ரியோ' கச்சேரிப் படத்தில், வாத்தியங்கள் மட்டுமே ஒலிக்கும் ஓர் உருப்படியை அரங்கமே வாய்விட்டுப் பாடுகிறது. சொற்களே இல்லாததை எப்படிப் பாடுகிறார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1981-இல் 'மூவிங் பிக்சர்ஸ்' தொகுப்பில் வந்த 'ஒய் ஒய் ஸெட்'. அந்த மூன்றெழுத்து, இந்தக் கனடியக் குழுவின் ஊரான டொராண்டோவின் விமான நிலையக் குறியீடு. அதை விமானிகளுக்கு அறிவிக்கும் மோர்ஸ் தந்தி ஒலியையே தொடக்கத் தாளமாக அமைத்துக்கொண்டார்கள். நெடில், குறில் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'ஒய்' என்பது நெடில், குறில், நெடில், நெடில். 'ஸெட்' என்பது நெடில், நெடில், குறில், குறில். தந்தி முறையில் நீண்ட ஒலி குறுகிய ஒலியைப் போல் மும்மடங்கு. பாட்டில் அது இருமடங்காகக் குறைகிறது என்பதால், நம் மாத்திரைக் கணக்கே இங்குப் பொருந்திவிடுகிறது. 7, 7, 6 என மொத்தம் 20 மாத்திரை. நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து எண்ணிக்கை. நான்கு எண்ணிக்கைக்குப் பழகிய ராக் ரசிகரின் கால் இந்த இடத்தில் தடுமாறும். இப்படிச் சிக்கலான தாளங்களை விரும்பும் புரோகிரஸிவ் ராக் இசையின் ருசியும், அதை வெறுப்பவர்களின் எரிச்சலும் இத்தகைய கணக்குகளில்தான் இருக்கின்றன.

படம் பிடிக்கப்பட்ட ரியோவின் மரக்கானா அரங்கில் 2002 நவம்பர் 23 அன்று கூடிய ஏறத்தாழ 40,000 பேர் தடுமாறவில்லை. 1974-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ரஷ், அந்த வாரத்துக்கு முன்பு பிரேசிலில் வாசித்ததே இல்லை. அத்தனை ஆண்டுகள் இசைத்தட்டில் மட்டுமே கேட்டவர்களுக்குக் கிட்டார் மெட்டு, பேஸ் கிட்டாரின் துள்ளல் எல்லாம் மனப்பாடமாகியிருந்தன. போர்த்துகீசிய மொழி பேசும் அவர்கள் மற்ற பாடல்களின் ஆங்கில வரிகளையும் விடாமல் பாடுகிறார்கள் என்றாலும், சொல்லின் தடை இல்லாத இந்த உருப்படியில்தான் குதித்துக்கொண்டே முழுத் தொண்டையும் திறக்கிறார்கள். அது கால்பந்து மைதானம் என்பதையும் மறக்க வேண்டாம். மெட்டை மட்டும் ஓலமிடுவது அங்குப் புதிதல்ல.

கேள்வி: ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கிறதே, இவ்வளவு பெரிய குழுவுக்கு இது அழகா? (மதுரை வாசகர்)

பதில்: குறை உண்மையானது, நான் மறுக்கமாட்டேன். முந்தைய இரவு சாவ் பாவ்லோவில் மழையில் கச்சேரி முடித்து, கருவிகளை லாரிகளில் ஏற்றி ரியோவுக்குக் கொண்டுவந்தார்கள். லாரிகள் தாமதமாக வந்ததால், மேடை கட்டி முடிக்கவே நேரம் போதவில்லை. பதிவுக்கு முன் ஒலியைச் சரிபார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை. படத்துடன் வெளியான 'தி பாய்ஸ் இன் பிரேசில்' என்ற ஆவணப்படத்தில் அந்தப் பரபரப்பைக் காணலாம். ஆனால் கூட்டத்தின் இரைச்சலைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அதை வடிகட்டியிருந்தால் பாடல்கள் துலக்கமாகக் கேட்டிருக்கும். அந்த இரவு மட்டும் காணாமல் போயிருக்கும். எனக்கு உறுத்துவது படத்தொகுப்புதான். பெருவிரலும் கம்பியும் சேரும் இடத்தைக் கண் தேடும்போதே காட்சி வேறு காமிராவுக்குத் தாவிவிடுகிறது.

கேள்வி: டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் இறுக்கமாகவே இருப்பது ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: நீல் பியர்ட் வாசிக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார், கூச்ச சுபாவம் உடையவர். அந்தச் சுற்றுப்பயணத்தின் பின்னணியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1997 ஆகஸ்டில், அப்போது அவருக்கு இருந்த ஒரே மகள் கார் விபத்தில் இறந்தார். பத்தே மாதத்தில் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. இசையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பல்லாயிரம் கிலோமீட்டர் அலைந்தவர், 2002-இல் 'வேப்பர் டிரெயில்ஸ்' தொகுப்புடன்தான் குழுவுக்குத் திரும்பினார். ரியோ அந்தச் சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு. 'ஓ பாட்டெரிஸ்டா' என்று பெயரிட்ட அவருடைய தனி ஆவர்த்தனத்தில் மேடை மெல்லச் சுழன்று மின்னணு டிரம்ஸை முன்னால் கொண்டுவரும். அப்போது முகத்தை விட்டுவிட்டு மணிக்கட்டுகளைப் பாருங்கள். அவர் 2020 ஜனவரியில் காலமானார்.

கேள்வி: மேடையில் துணி உலர்த்தும் இயந்திரங்கள் எதற்கு? (ஈரோடு வாசகர்)

பதில்: வேடிக்கைக்குத்தான். பாடகரும் பேஸ் கலைஞருமான கெடி லீயின் ஒலி நேரடியாக அரங்கின் ஒலிபெருக்கிக்குச் சென்றதால், அவருக்குப் பின்னால் ஒலிப்பெட்டிகள் தேவைப்படவில்லை. கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனின் பக்கமோ பெட்டிகளால் நிறைந்திருந்தது. வெறுமையாகக் கிடந்த இடத்தில் காசு போட்டு இயக்கும் சலவைக்கடை இயந்திரங்களை நிறுத்தினார்கள். கச்சேரி முழுவதும் அவற்றுக்குள் டி-ஷர்ட்டுகள் சுழன்றன. முடிந்ததும் அவற்றை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார்கள்.