டாம் ஃபின்னி பத்தி என்ன வேணா கேளுங்க

பழைய இங்கிலாந்து ஃபுட்பால்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான். வந்த கேள்விங்களுக்கு வரிசையா பதில் சொல்றேன்.

கேள்வி: அவரை பிளம்பர்னு கூப்பிடுறாங்களே, பட்டப்பேரா அண்ணா?

பட்டப்பேர்தான், ஆனா நெசமாவே பிளம்பர்தான் தம்பி. 1922ல பிரெஸ்டன்ல பிறந்தவர், சொந்த ஊர் கிளப் பிரெஸ்டன் நார்த் எண்ட் கூப்பிட்டப்போ அவங்க அப்பா முதல்ல குழாய் வேலையை முழுசா கத்துக்கோ, அப்புறம் பந்தாட்டம்னு கறாரா சொல்லிட்டார். அது எவ்ளோ நல்லதா போச்சுன்னா, பின்னாடி இங்கிலாந்துக்கே ஆடுற காலத்துலயும் அந்தத் தொழிலை அவர் விடல.

கேள்வி: 24 வயசுலதான் முதல் லீக் மேட்ச்சாமே, ஏன் அவ்ளோ லேட்?

போர்தான் காரணம். எகிப்து பக்கம் டேங்க் படையில இருந்தார். 1946ல லீக் திரும்ப ஆரம்பிச்ச உடனே ஆட வந்தார், அடுத்த மாசமே வட அயர்லாந்துல இருக்கிற பெல்ஃபாஸ்ட்ல இங்கிலாந்து டீம்ல முதல் மேட்ச், 7-2ன்னு ஜெயிச்சாங்க. மொத்தம் 76 மேட்ச், 30 கோல். இடதுகால் ஆட்டக்காரர், ஆனா பெரும்பாலும் வலது விங்ல, அதாவது மைதானத்தோட வலது ஓரத்துல ஆடினார், இடது விங், சென்டர் ஃபார்வர்டு எங்க நிறுத்தினாலும் ஆடுவார்.

கேள்வி: இத்தாலிக்குப் போயிருந்தா பெரிய பணக்காரர் ஆயிருப்பார்ல?

இதைப் பேசினாலே எனக்கு மனசு ஆறாது. 1952ல பலெர்மோ கிளப் கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போட்டா 10,000 பவுண்ட், மாசம் 130 பவுண்ட், வீடு, கார் எல்லாம் தரோம்னு. அப்போ இங்கிலாந்துல எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, வாரம் 14 பவுண்ட், அவ்ளோதான், அதைவிட மோசம் என்னன்னா கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் விட்டாத்தான் வெளிய போக முடியும். பிரெஸ்டன் விடல. இவரும் சண்டை போடாம திரும்பி ஆட வந்துட்டார். அந்த வரம்பை எடுத்தது 1961ல, இவர் 1960லயே இடுப்புக்கிட்ட காயத்தால ரிட்டயர் ஆயிட்டார், ஒரு வருஷத்துல தப்பிப்போச்சு பாருங்க.

கேள்வி: பெரிய கப் ஒண்ணும் ஜெயிக்கலையே, அப்புறம் எப்படி பெரிய ஆள்னு சொல்றீங்க?

போர்க்காலத்துல 1941ல ஆர்சனலைத் தோற்கடிச்சு ஒரு கப் வாங்கினாங்க. லீக்ல நெலமை வேற. 1952-53ல ஆர்சனலும் பிரெஸ்டனும் 54 பாயின்ட், சரிசமம். அப்போ கணக்கு என்னன்னா போட்ட கோலை வாங்கின கோலால வகுக்கணும், ஆர்சனல் 97க்கு 64, பிரெஸ்டன் 85க்கு 60, அந்தச் சின்ன தசமத்துல லீக் பட்டம் போச்சு. அடுத்த வருஷம், 1954ல, எஃப்.ஏ. கப்னு இங்கிலாந்து கிளப்புங்களோட நாக்-அவுட் போட்டி ஃபைனல்ல வெஸ்ட் பிராம் கிளப்கிட்ட 2-1ன்னு முன்னாடி இருந்து 3-2ன்னு தோத்தாங்க, அன்னிக்கு இவர் ஆட்டமும் எடுபடல, அதை மறைக்க வேணாம். ஆனா அந்த வருஷமும் 1957லயும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் இவர்தான், அந்த விருதை ரெண்டு தடவை வாங்கின முதல் ஆள். 433 லீக் மேட்ச்ல 187 கோல், அதுவும் விங்ல இருந்து! இவர் போன அடுத்த சீசன்லயே கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு, இதுக்கு மேல வேற அத்தாட்சி வேணுமா?

கேள்வி: அந்தத் தண்ணி தெறிக்கிற போட்டோ பத்தி சொல்லுங்க.

1956, செல்சி கிரவுண்ட், மழையில மைதானத்து ஓரம் குளம் மாதிரி தேங்கி நிக்குது. தடுக்க வந்தவங்களைத் தாண்டி இவர் சறுக்கிட்டுப் போறார், தண்ணி விசிறி மாதிரி எழும்புது, கண்ணு மட்டும் பந்து மேலயே. பிரெஸ்டனோட டீப்டேல் மைதானத்துக்கு வெளியே 2004ல வெச்ச சிலை அதே போஸ்தான், கீழ நிஜமாவே தண்ணி தெறிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க.

கேள்வி: ரிட்டயர் ஆனதும் ஆட்டத்தை சுத்தமா விட்டுட்டாரா?

1963ல ஒரு தடவை திரும்ப வந்தார். டிஸ்டில்லரிங்கிற சின்ன கிளப்புக்கு, ஐரோப்பியக் கப்ல, அந்த வருஷம் ஃபைனல் வரைக்கும் போயிருந்த போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவுக்கு எதிரா, அதே பெல்ஃபாஸ்ட்ல. வயசு 41. 3-3ன்னு டிரா பண்ணாங்க!