ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ் வாங்கிய கட்டுமான நிறுவனம், ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஜேஎஸ்ஏ (வேலையின் ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்தையும் தடுப்பையும் எழுதும் ஆவணம்), மெத்தட் ஸ்டேட்மென்ட் (செய்முறை ஆவணம்) எழுத வேண்டுமா? சான்றிதழ் மட்டும் போதாதா?

போதாது. ஐஎஸ்ஓ அமைப்பும் வேலைக்கான ஆவணமும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை.

2018-ல் வெளியான ஐஎஸ்ஓ 45001, ஒரு நிறுவனம் பாதுகாப்பை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலை. பொறுப்பு யாருக்கு, ஆபத்துகளைக் கண்டறியும் முறை என்ன, தொழிலாளர்களின் கருத்தை எப்படிக் கேட்பது, சப்-கான்ட்ராக்டரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, உள் தணிக்கை எப்படி நடக்கும், விபத்துக்குப் பிறகு யார் என்ன செய்வது என்பதெல்லாம் அதற்குள் வரும். ஆனால் இன்று காலை தோண்டப்போகும் பள்ளத்துக்கு என்ன முட்டு கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது அந்த இடத்து மண்ணைப் பொறுத்தது.

அந்தப் பள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். குழாய் பதிக்க 2.5 மீட்டர் ஆழம், அடியில் 1 மீட்டர் அகலம். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1.5 முதல் 2 டன் எடை இருக்கும். சரிந்தால், தலை வெளியே இருப்பவர்கூட மார்பின் மேல் விழும் அழுத்தத்தால் மூச்சிழுக்க முடியாமல் இறந்துபோகலாம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, உறுதியான பாறையாக இல்லாவிட்டால், சுமார் 1.5 மீட்டர் ஆழத்திலிருந்தே சரிவுத் தடுப்பு கட்டாயம். இளகிய மணற்பாங்கான மண்ணில் பக்கவாட்டை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளிப்பக்கம் என்ற விகிதத்தில் சரித்து வெட்ட வேண்டும். கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு பக்கமும் 3.75 மீட்டர், அடி அகலத்தையும் சேர்த்தால் மேலே 8.5 மீட்டர். சாலையோரத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. அப்படியானால் ட்ரெஞ்ச் பாக்ஸ் (பள்ளத்துக்குள் இறக்கும் தடுப்புப் பெட்டி) அல்லது ஷோரிங்தான் (பக்கச் சுவர்களுக்கு முட்டு கொடுப்பது) வழி. இந்த முடிவை வேலை தொடங்கும் முன்பே எடுக்க வைப்பதுதான் அந்த வேலைக்கான ஆவணத்தின் பயன். எக்ஸ்கவேட்டர் வந்து நின்ற பிறகு யோசித்தால், தடுப்பு இல்லாமலே ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

அதே ஆவணத்தில் தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் கொட்டுவது (ஓஷா கணக்கில் குறைந்தது 60 செ.மீ.), எந்தத் தொழிலாளியும் 7.5 மீட்டருக்கு மேல் நடக்காமல் எட்டும்படி ஏணி எங்கே, தினமும் வேலைக்கு முன்பும் மழைக்குப் பிறகும் பரிசோதிப்பவர் யார், எதைக் கண்டால் வேலையை நிறுத்துவது என்பதும் இருக்க வேண்டும். பெட்டியை வெளியே எடுக்கும் வரிசையைப் பலர் எழுதுவதே இல்லை. தடுப்பைக் கழற்றும் நேரமும் ஆபத்தான நேரம்தான்.

இப்போது சிஸ்டம், அதாவது நிறுவனத்தின் மேலாண்மை அமைப்பு, எங்கே வருகிறது என்று பாருங்கள். "ட்ரெஞ்ச் பாக்ஸ் பயன்படுத்தப்படும்" என்று ஆவணம் சொல்லிவிட்டது. பெட்டியை வாடகைக்கு எடுக்கப் பணம் ஒதுக்கியது யார்? "தகுதியுள்ள நபர் பரிசோதிப்பார்" என்றால், அவருக்குப் பயிற்சி கொடுத்து, வேலையை நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்தது யார்? இதற்கெல்லாம் விடை மேலாண்மை அமைப்பில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஜேஎஸ்ஏ வெறும் ஆசைப் பட்டியல். ஜேஎஸ்ஏ இல்லாத இடத்தில் சிஸ்டம் தலைமை அலுவலகத்தோடு நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் சட்டமே இவ்விரண்டையும் பிரித்துக் கேட்கிறது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட கட்டுமானத் திட்டத்துக்கு (பல மாநிலங்களில் 2,50,000 ஆஸ்திரேலிய டாலர்) முதன்மை ஒப்பந்ததாரர் முழுத் திட்டத்துக்கும் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் போன்ற அதிக ஆபத்துள்ள பணிகளுக்கு, அந்தந்த வேலையின் செய்முறை ஆவணம் தனி. அதன்படி வேலை நடக்காவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும்.

நடைமுறையில் அதிகம் கெடுப்பது காப்பி-பேஸ்ட். 20 மீட்டர் உயர வேலைக்கு எழுதிய ஜேஎஸ்ஏ-வைத் தேதி மாற்றி 4 மீட்டர் தளத்துக்குக் கொடுப்பார்கள். இரண்டிலும் "ஃபுல் பாடி ஹார்னஸ் (உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வார்) அணியவும்" என்றே இருக்கும். விழுபவர் தரையைத் தொடாமல் நிற்கத் தேவையான உயரத்தைக் கூட்டுங்கள்: ஹார்னஸை இணைக்கும் கயிறான லேன்யார்டு 1.8 மீட்டர், அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் விரிவது சுமார் 1.1 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், பாதுகாப்பு இடைவெளி 0.9 மீட்டர். கொக்கியை மாட்டும் இடத்துக்குக் கீழே மொத்தம் 5.3 மீட்டர். 4 மீட்டர் தளத்தில் இடுப்பு உயரத்தில் கொக்கியை மாட்டினால், மாட்டும் இடம் தரையிலிருந்து 5 மீட்டர்தான். அந்த இடைவெளி கிடைக்காது. ஹார்னஸ் போட்டவரே தரையில் மோதலாம். அங்கே கைப்பிடிக் கம்பி கட்டி விழுவதையே தடுக்க வேண்டும். ஆபத்தை நீக்குவது, மாற்று வழி, பொறியியல் தடுப்பு, நிர்வாக விதி, கடைசியாகத் தனிநபர் கவசம் என்ற வரிசையை அமைப்பு வகுத்திருக்கும். ஜேஎஸ்ஏ எழுதுபவர் நேரே கடைசிப் படிக்குத் தாவியிருந்தால், அதைத் திருப்பி அனுப்புவது கையெழுத்துப் போடுபவரின் கடமை.

இன்னொன்று, "கவனமாக வேலை செய்யவும்" என்பதைத் தடுப்பு நடவடிக்கையாக எழுதவே கூடாது. பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசர் பார்த்து "செய்திருக்கிறது", "செய்யவில்லை" என்று சொல்லக்கூடிய வரி மட்டுமே ஆவணத்தில் இடம்பெற வேண்டும். இருபது பக்கம் வேண்டாம். மூன்று நான்கு பக்கம், தொழிலாளிக்குப் புரிகிற மொழி, கையால் வரைந்ததாக இருந்தாலும் ஒரு படம். எழுதும்போது ஃபோர்மேனும் வேலை செய்யும் ஆட்களில் இருவரும் உடன் இருந்தால், நடக்காத காரியம் எதுவும் உள்ளே நுழையாது.

மண்ணோ இயந்திரமோ ஆட்களோ மாறினால் வேலையை நிறுத்தி, ஆவணத்தைத் திருத்தி, டூல்பாக்ஸ் டாக்கில் (வேலைக்கு முன் நடக்கும் சிறு பாதுகாப்புக் கூட்டத்தில்) மறுபடி விளக்குங்கள். அந்தத் திருத்தம் சைட் கோப்போடு முடங்காமல் அலுவலகத்துக்கும் போக வேண்டும். மூன்று சைட்டில் ஒரே வரியை அடித்துத் திருத்தியிருந்தால், கோளாறு பொது நடைமுறையில் இருக்கிறது.

உங்கள் நிறுவனத்தில் இரண்டும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க, ஜேஎஸ்ஏ-வில் ஒரே ஒரு வரியை எடுங்கள். உதாரணமாக "சாரம் 7 நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படும்". சாரத்தில் தொங்கும் டேக்கின் தேதியைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவரின் பயிற்சிச் சான்றைக் கேளுங்கள். போன மாதம் அவர் குறை எழுதியிருந்தால், அது சரிசெய்யப்பட்ட பதிவைக் கேளுங்கள். எந்த இடத்தில் காகிதம் கிடைக்காமல் போகிறதோ, முதலில் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்.