நர்ஸம்மா பதில்கள்: டெக்சாஸில் டாக்டர் எங்கே, நர்ஸ் எங்கே?

(டெக்சாஸில் நெடுங்காலம் வார்டு டியூட்டி பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. திரும்பிய பக்கமெல்லாம் புது ஆஸ்பத்திரி. ஆனால் குடும்ப டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். டாக்டர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?
– ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

எங்கேயும் போகவில்லை அம்மா, இன்னும் வந்து சேரவில்லை. 2000-ல் உங்கள் ஊரில் 34,000 பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் அதே இருபது வருடத்தில் 2.08 கோடி 2.91 கோடி ஆகிவிட்டது. கட்டடத்தை இரண்டு வருடத்தில் எழுப்பிவிடலாம். பள்ளி முடித்த பிள்ளை குடும்ப டாக்டராகி உங்கள் நாடியைப் பிடிக்க, கல்லூரி நாலு, மருத்துவப் படிப்பு நாலு, ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி மூன்று என்று பதினோரு வருடம் ஆகும்.

முடிச்சு அந்த ரெசிடென்சியில்தான் இருக்கிறது. எம்.டி. பட்டம் வாங்கினாலும் ரெசிடென்சி பண்ணாமல் இங்கே தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. பயிற்சி டாக்டர்களுக்கான செலவில் பெரும் பங்கு மெடிகேர் என்ற மத்திய அரசின் முதியோர் காப்பீட்டுப் பணம். 1997-ல் வந்த சட்டம், 1996-ல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எத்தனை பயிற்சி இடம் இருந்ததோ அதற்கு மேல் பணம் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகு டெக்சாஸில் ஒரு கோடிக்கும் மேல் ஜனம் கூடியிருக்கிறது. 2020 டிசம்பரில் இன்னொரு சட்டம் போட்டு நாடு முழுவதற்கும் சேர்த்து 1,000 இடம் கொடுத்தார்கள், அதையும் வருடத்துக்கு 200 வீதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதற்கிடையில் மாநிலத்தில் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாகத் திறந்தன. ஆஸ்டினிலும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் 2016-ல், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2020-ல், டைலரில் 2023-ல். கல்லூரி திறந்தால் ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ரெசிடென்சி இடத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? டாக்டர்கள் பெரும்பாலும் பயிற்சி எடுத்த ஊர்ப்பக்கமே வேர்விட்டுவிடுவார்கள். இங்கே நம் வரிப்பணத்தில் படித்த பிள்ளை ரெசிடென்சிக்கு ஓஹையோ போனால், அநேகமாக ஓஹையோக்காரர்களுக்குத்தான் டாக்டர். அதைப் புரிந்துகொண்டுதான் 100 பேர் பட்டம் வாங்கினால் 110 முதலாண்டு ரெசிடென்சி இடம் இருக்க வேண்டும் என்று மாநிலம் இலக்கு வைத்து, 2013-லிருந்து தன் கைப்பணத்தையும் போட்டு வருகிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. டாக்டருக்குத்தான் காத்திருப்பேன் என்று அடம்பிடிக்காமல், அதே கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனருக்கு, அதாவது மேற்படிப்பு படித்து நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸுக்கு, நேரம் கேளுங்கள். பெரும்பாலும் சீக்கிரம் கிடைக்கும். டெக்சாஸில் அவர்கள் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டுதான் மருந்து எழுத முடியும் என்பதால், பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார் என்ற தைரியத்தோடு போகலாம்.

மகள் நல்ல மதிப்பெண் வாங்கியும் நர்சிங் சீட் கிடைக்கவில்லை. நர்ஸ் பற்றாக்குறை என்று டி.வி.யில் தினமும் அலறுகிறார்களே, பிறகு ஏன் வாசலில் நிறுத்துகிறார்கள்?
– ஒரு தகப்பனார், ஷுகர்லேண்ட்

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை ஐயா. ஓய்வுக்குப் பிறகு நானே கிளினிக்கல் ஆசிரியையாக மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு ஆசிரியைக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்பது இங்கே நர்சிங் போர்டின் பொது விதி. என்னைக் கேட்டால் பத்தே அதிகம். ஒரு பிள்ளை இன்சுலின் ஏற்றும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு பிள்ளை அடுத்த அறையில் கதீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடும். மாஸ்டர்ஸ் படித்த நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சம்பளம் கல்லூரியில் கிடைப்பதில்லை, அதனால் வருபவர்கள் அநேகமாக என்னைப் போல நரைத்த தலைகள்தான். பிரசவ வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் இன்னும் அடிதடி. ஒரே வார்டைச் சுற்றி நாலு கல்லூரிகள் கேட்டு நிற்கும்.

மகளைக் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர்ப் பொதுக் கல்லூரியில் இரண்டு வருட அசோசியேட் படிப்புக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே படித்தாலும் நாலு வருட பி.எஸ்.என். பட்டம் படித்தாலும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு, கிடைப்பது பதிவு பெற்ற நர்ஸுக்கான ஒரே ஆர்.என். லைசென்ஸ். வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். முடித்துக்கொள்ளலாம். "கம்யூனிட்டி காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்தில் டெக்சாஸ் விசா வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறார். நம்பலாமா சிஸ்டர்?
– ஒரு செவிலியர், நாகர்கோவில்

நம்பாதே தங்கச்சி. சர்டிஃபிகேட் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ், விசாவுக்கான விசாஸ்கிரீன் தகுதிச் சான்று எல்லாம் உன் உழைப்பில் முடிக்கக்கூடியவை. என்கிளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம். யாருடைய உழைப்பும் செல்லாத இடம் அதற்குப் பிறகு வருகிறது. நர்ஸுகள் வழக்கமாக வருவது இபி-3 என்ற கிரீன் கார்டு வரிசையில். எந்த நாட்டுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று சட்டம் இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருடத்தையும் தாண்டி நிற்கிறது. டெக்சாஸ் ஆஸ்பத்திரி எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்த வரிசை நகராது. ஆறு மாதம் என்பவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே சொல்பவர்.

இன்னொன்று. வரிசையில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டை. நீ குவைத்திலோ மஸ்கட்டிலோ பிறந்திருந்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இந்திய வரிசை உனக்கில்லை. கணவர் அப்படிப் பிறந்து, இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தாலும் அவருடைய நாட்டு வரிசையில் போகலாம். உங்கள் பக்கத்தில் வளைகுடாவில் பிறந்த பிள்ளைகள் நிறைய உண்டே, அதனால் சொல்கிறேன். எதில் கையெழுத்துப் போட்டாலும், பாதியில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்ற பத்தியை முதலில் படி.

கலிபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்று சட்டம் இருக்கிறதாமே, டெக்சாஸில்?
– ஒரு நர்சிங் மாணவி, மதுரை

கிடையாது. கலிபோர்னியா 1999-ல் சட்டம் போட்டு 2004-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. இங்கே எந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குள் ஒரு கமிட்டி உண்டு. கொடுத்த டியூட்டி நோயாளிக்கு ஆபத்து என்று நர்ஸ் எழுத்தில் பதிவுசெய்து, தன் லைசென்ஸைக் காத்துக்கொள்ளும் 'சேஃப் ஹார்பர்' என்ற ஏற்பாடும் உண்டு. அந்தப் படிவத்தை எடுக்கும் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் உதவியாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. நாங்கள் மரியாதையாகத்தான் நடத்துகிறோம்.
– ஒரு மகன், சான் ஆன்டோனியோ

மரியாதை வாடகை கட்டாது தம்பி. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் இந்த உதவியாளர்களுக்கு டெக்சாஸ் வைத்திருந்த அடிப்படைக் கூலி, 2023 வரை மணிக்கு 8 டாலர் 11 சென்ட். அந்த வருடம் 10 டாலர் 60 சென்ட் ஆக்கினார்கள், 2025-ல் 13 டாலர். குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, முதுகு ஒடியத் தூக்கி உட்காரவைக்கும் வேலைக்கு இது கூலி. பெட்டி அடுக்கும் கிடங்கில் இதைவிட அதிகம் கிடைக்கும், அங்கே யாரும் இரவில் எழுப்பவும் மாட்டார்கள். டாக்டர் பஞ்சம், நர்ஸ் பஞ்சம் என்று கூட்டம் போடுகிறவர்கள் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இவர்கள் வராத வாரம்தான் உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேர் விழுந்து, எலும்பு உடைந்து எங்கள் வார்டுக்கு வருவார்கள். ஏஜென்சிக்கு நீங்கள் கொடுப்பதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மகன் லப்பக்கில் ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி முடிக்கப் போகிறான். இவ்வளவு பற்றாக்குறை உள்ள மாநிலம் அவனை இரண்டு வருடம் ஊருக்குப் போ என்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

சொல்வது மாநிலம் அல்ல டீச்சர், மத்தியச் சட்டம். டாக்டர் இல்லாத பகுதியில் மூன்று வருடம் வேலை செய்தால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 'கான்ராட் 30' என்ற அந்தத் திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 பேர்தான். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் 30, மூன்று கோடியைத் தாண்டிய டெக்சாஸுக்கும் 30! இங்கே அவை நிரம்பிவிடும், அதனால் கடைசி வருடம் தொடங்கும்போதே வேலை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். முன்னாள் ராணுவத்தினருக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரிகள் வழியாகக் கிடைக்கும் விலக்கு இந்த முப்பதில் சேராது. லப்பக்குக்கு வடக்கே அமரில்லோவிலும் தெற்கே பிக் ஸ்பிரிங்கிலும் அப்படி ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.