தவில் வித்வான் வீட்டுப் பெண்ணும் கலை நிர்வாகப் படிப்பும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

உங்களைப் போன்ற மற்றப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் தவில் வாசிப்பவர். அப்பாவும் தாத்தாவும் வாசித்தவர்கள். மகள் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். பி.எட். முடிக்கவைத்து ஆசிரியர் வேலைக்கு அனுப்பிவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறீர்கள். அவளோ கலை நிர்வாகம் படிக்கிறேன், முடிந்தால் லண்டனில் படிக்கிறேன் என்கிறாள். காலனிய நீக்கம் (அந்நிய ஆட்சி விட்டுப்போன எண்ணங்களைக் களைவது), எல்லோரையும் உள்ளடக்கிய தலைமை என்றெல்லாம் பேசுகிறாள். “நாங்க பட்டது போதாதா, இவளும் இந்த உலகத்துக்குள்ள வரணுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குப் பதில் சொல்லாமல் கட்டணம், கல்லூரி என்று பேச எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பட்டது என்ன என்பதைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கெட்டிமேளம் வரை வாசித்துவிட்டுக் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தது. பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயருக்குக் கீழே “குழுவினர்” என்று மட்டும் போட்டுத் தவிலுக்குப் பெயரே இல்லாமல் விட்டது. அரசு விழா ஒன்றின் வாசலில் வெயிலில் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது, விருந்தினர் கார் வந்ததும் யாரோ ஒரு இளைஞர் கையைக் காட்டிப் பாதி ஆவர்த்தனத்தில் நிறுத்தச் சொன்னது. பேசிய பணத்தில் பாதி இன்னும் வராதது.

ஐயா, உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது இந்தச் சங்கதிகளைத்தான். யார் மேடையில் உட்காருகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள், யார் பெயர் அச்சாகிறது, பணம் யார் கைக்கு எப்போது போகிறது, இதையெல்லாம் முடிவு செய்கிற நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் படிப்பின் அடிப்படை. புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். வாசலில் நின்றவர் வீட்டுப் பெண் அந்த நாற்காலிக்கு வர நினைக்கிறாள். அதைத் தடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எந்த வழியில் போக வேண்டும் என்பதில் மட்டும் அவளோடு எனக்குச் சிறிது கருத்து வேறுபாடு உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்விகளை லண்டனிலிருந்து கற்றுக்கொண்டு வர வேண்டியதில்லை. நம் காவிரிக்கரையிலேயே கேட்டிருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மற்ற வித்வான்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருவையாற்றுக் கதையை மகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து, 1920-களில் தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டடம் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று அதை நடத்திவந்த ஆண்களின் இரண்டு கட்சிகளும் சொன்னபோது, அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றாகி எல்லோரும் சேர்ந்து பாடும் நிலை 1940 வாக்கில் வந்தது. இன்றைக்கும் நாகரத்தினம்மாள் சமாதி அங்கேதான் இருக்கிறது.

அவருக்கு இன்னொரு போராட்டமும் இருந்தது. தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய காவியத்தை, சிதைக்காமல் முழுதாக 1910-ல் நாகரத்தினம்மாள் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு அதை ஆபாசம் என்று தடை செய்தது. சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை விலகியது. ஒரு பெண் எழுதியதை எந்த அளவுகோலால் அளப்பது என்று வெளியிலிருந்து வந்த அரசு முடிவு செய்தது; நம்மவர்களிலும் பலர் அதற்குத் தலையாட்டினார்கள். உங்கள் மகள் காலனியம் என்று சொல்வதில் இந்த இரண்டு பாதியும் உண்டு. வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துவிட முடியாது.

இதை அவளிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களைக் கடைசிப் பந்திக்கு அனுப்பியவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை. அதே திருவிழாவில் தப்பு என்ற பறையை அடிக்கிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பந்தியும் கிடைத்திருக்காது. கோயிலுக்குள் உங்கள் தவிலுக்கு இடம் உண்டு, அவர்கள் தப்புக்குப் பல ஊர்களில் இன்றும் வெளிவீதிதான். தன் வீட்டுக்கு நடந்த அவமரியாதையை மட்டும் எண்ணிப் பார்க்கிறவள் நல்ல தலைவி ஆக முடியாது. தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களின் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளை, திருநங்கையான நர்த்தகி நடராஜை நாட்டியச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். எத்தனையோ கதவுகள் மூடியிருந்த காலம் அது. ஒரு குரு எடுத்த அந்த முடிவின் பலன் 2019-ல் பத்மஸ்ரீ ஆகவும், 2021-ல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் இடமாகவும் வந்து நின்றது. எல்லோரையும் உள்ளடக்கிய தலைமை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது என்று நான் நம்புகிறேன்.

இனி, இந்தப் படிப்பு சோறு போடுமா என்ற கேள்விக்கு வருவோம்.

பத்தூர் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து ஊர்தான். 1976-ல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்த திருமேனி, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்த ஊர்க்கோயிலுக்கே உரிமை கோரும் தகுதி உண்டு என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991-ல் நடராஜர் திரும்பி வந்தார். அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டு, ஒட்டியிருந்த மண்ணைக்கூட ஒப்பிட்டு வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த புகைப்படங்கள், பிற்பாடு வேறு பல களவுகளைக் கண்டுபிடிக்க உதவின. ஒரு பொருள் எந்த ஊரிலிருந்து, எப்படி, யார் கைவழியாகப் போனது என்று ஆவணத்தோடு சொல்லத் தெரிந்தவர்களுக்கு அருங்காட்சியகங்களில் வேலை இருக்கிறது. வரலாறு படித்த, பழைய கல்வெட்டு எழுத்தைப் படிக்கப் பழகிய டெல்டாப் பெண்ணுக்கு இது பொருத்தமான துறை. மீண்டு வந்த திருமேனிகளில் பல ஊருக்குப் போகாமல் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கின்றன என்பதும் அவள் யோசிக்க வேண்டிய விஷயம். திருட்டு பயம் உண்மைதான். ஆனாலும் ஊர்க்காரர்களிடம் யாராவது கேட்டார்களா?

சுவாமிமலைக்குப் போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, உளியால் கண் திறக்கிற ஸ்தபதியின் வேலை அரசின் பூம்புகார் கடைகளில் கைவினைப் பொருளாக விற்கிறது. சென்னைக் கண்காட்சியில் வைக்கிற வெண்கலச் சிலைக்கோ செய்தவர் பெயரோடு அட்டை உண்டு. ஒன்றை நுண்கலை என்றும் மற்றொன்றைக் கைத்தொழில் என்றும் பிரித்து அடுக்கியது ஆங்கிலேயர் காலத்துக் கலைப்பள்ளிகளும் பொருட்காட்சிகளும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். அதைச் செய்ய ஆச்சா மரம் கிடைக்கிறதா, வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்குக் கொறுக்கைத் தட்டை வெட்டித் தருகிறவர் அடுத்த தலைமுறையில் இருப்பாரா என்று கவலைப்பட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதோடு நின்றுவிடக்கூடாது. கலை நிர்வாகி என்றால் நான் மனதில் வைத்திருப்பது அப்படிப்பட்ட ஒருவரைத்தான்.

படிப்பு விவரம். முதுகலையை இந்தியாவிலேயே படிக்கட்டும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல், நாடகம், சுவடி, கல்வெட்டு என்று நம் மண்ணுக்கு வேண்டிய துறைகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய் வரலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இன்னொரு வாய்ப்பு. அதற்குக் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், டிசம்பர், ஜனவரி வாக்கில் அறிவிப்பைக் கவனியுங்கள். அருங்காட்சியக இயல்தான் வேண்டும் என்றால் நொய்டாவில் உள்ள இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிடேஜ், அல்லது பரோடா பல்கலைக்கழகம். பரோடாவில் அந்தத் துறை 1952-லிருந்தே இருக்கிறது. இப்போது அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டம் முதுகலைக்குத் தொடராது. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் அது. தேவதாசி முறையை எதிர்த்து நின்றவர் அவர் என்பதை அவள் படித்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

லண்டனைப் பற்றி: வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். வீட்டை அடமானம் வைத்துப் போகிற படிப்பு இது இல்லை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் 2,800 மணி நேர, அதாவது ஏறக்குறைய இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது, படித்து முடித்ததும் நாடு திரும்ப வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கிறது. அந்த இரண்டு வருட வேலையை இங்கே செய்துவிட்டுப் போனால், அங்கே வகுப்பில் காலனிய நீக்கம் பற்றிப் பேசும்போது அவளிடம் சொல்ல விஷயம் இருக்கும். இல்லாவிட்டால் நம் ஊரைப் பற்றி அடுத்தவர் எழுதியதை அங்கே போய் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

வேலை நிலவரத்தை மறைக்க மாட்டேன். அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் துறைப் பணியிடங்கள் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வருகின்றன, ஆனால் அபூர்வமாக வருகின்றன. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற இடங்களில் விழா வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை. தொண்டு நிறுவனங்களிலும் தனியார் காட்சியகங்களிலும் ஆரம்பச் சம்பளம் ஆசிரியர் சம்பளத்தை எட்டாது. ஆகையால் பி.எட். படிக்கட்டும் என்ற உங்கள் யோசனையை நான் ஒதுக்கவில்லை. முதுகலை முடித்த பிறகும் படிக்கலாம். குரூப் தேர்வுகளையும் எழுதிக்கொண்டே இருக்கட்டும். முகூர்த்த மாதத்தில் சம்பாதித்து ஆடியிலும் மார்கழியிலும் கையைப் பிசைந்த அனுபவம் உங்கள் வீட்டுக்கு உண்டு. மாதச் சம்பளத்தின் அருமையை அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கல்லூரியில் சொல்லித்தராத ஒன்று உண்டு: கணக்கு. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது எப்படி, நிதியுதவிக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி, வாங்கிய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுப்பது எப்படி என்று தெரிந்திருந்தால் எந்தக் கலை நிறுவனமும் அவளை விடாது. கலைஞர்களை மதிக்கிறோம் என்று மேடையில் பேசுகிற பலர் பணப்பட்டுவாடாவில்தான் கோட்டை விடுகிறார்கள். மரியாதை என்பது பெரும்பாலும் வவுச்சரில்தான் இருக்கிறது.

இந்த ஆவணி முகூர்த்தத்திலிருந்து உங்கள் செட்டின் வேலையை அவள் கையில் கொடுங்கள். அட்வான்ஸ் பேசுவது, வண்டி ஏற்பாடு, ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி வைப்பது, எல்லாம். பத்திரிகை அச்சடிப்பதற்கு முன்பே கல்யாண வீட்டாருக்குப் போன் போட்டு, தாளம் போடுகிற பையன் வரைக்கும் பெயர் கொடுக்கட்டும். சாப்பாடு எந்தப் பந்தியில் என்பதையும் அப்போதே பேசிவிடட்டும். உங்களோடு வாசிக்கிற பிள்ளைகளில் 18 முதல் 25 வயதுக்குள் யாராவது இருந்தால், மத்தியக் கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருகிற உதவித்தொகைக்கு அவளே விண்ணப்பம் நிரப்பட்டும். திருவிழாவில் சேர்ந்து வருகிற தப்பாட்டக் குழுவில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இல்லாதவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அந்தப் படிவங்களையும் எழுதிக் கொடுக்கட்டும். தை முகூர்த்தம் முடிந்ததும் அந்தக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.